விபத்து நடந்த இடத்தை விட்டு வண்டி போய்விட்டால் முதலாளியின் கதி என்ன?

விடியற்காலை காந்தி மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி, மாம்பழச் சாலை வழியாக ஸ்ரீரங்கத்துக்குப் போகிற சரக்கு வேன் ஒன்று, சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை இடித்துத் தள்ளிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் முதலில் போன் போடுவது போலீசுக்கு அல்ல, முதலாளிக்குத்தான். "வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முதலாளி சொல்லிவிட்டால், இரண்டு கட்டு போட்டு முடிந்திருக்க வேண்டிய விஷயம் கோர்ட் வரைக்கும் போய்விடும். நம் வணிகர்களில் பலருக்கு இன்று சொந்தமாக ஒரு குட்டி யானையாவது, லோடு ஆட்டோவாவது இருக்கிறது. ஆகவே இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 132ஆவது பிரிவின்படி விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஆளுக்கு மட்டுமல்ல, ஆடு மாட்டுக்கோ, இன்னொருவர் வண்டிக்கோ, சுவருக்கோ சேதம் என்றாலும் நிறுத்தத்தான் வேண்டும். 134ஆவது பிரிவு அதற்கு மேலே போகிறது. அடிபட்டவரைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் கூடிய சீக்கிரத்தில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், நடந்ததைச் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இவற்றில் தவறினால் 187ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஒரு வருடமும் 10,000 ரூபாயும். 2019ஆம் வருடத் திருத்தத்துக்கு முன்பு இது 3 மாதமும் 500 ரூபாயுமாக இருந்தது. "ஐந்நூறு ரூபாய் கட்டினால் தீர்ந்தது" என்று இன்னமும் சொல்கிறவர்கள் அந்தப் பழைய கணக்கில் இருக்கிறார்கள்.

"நின்றால் ஜனங்கள் அடித்துவிடுவார்களே?" என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. கும்பலின் ஆத்திரத்தாலோ, தன் சக்திக்கு மீறிய வேறு காரணத்தாலோ அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியாமல் போனால் அது குற்றமாகாது என்று 134ஆவது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் ஏன் சேர்க்க முடியவில்லை என்பதையும் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். அதாவது இடத்தை விட்டு நகர்ந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போகிறவன் ஓடிப்போனவன் அல்ல. வண்டியைக் கடைக்குப் பின்னால் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடுகிறவன்தான் ஓடிப்போனவன். பாலத்துக்கு வடக்கே நடந்தால் ஸ்ரீரங்கம் நிலையம், தெற்கே சிந்தாமணிப் பக்கம் என்றால் கோட்டை நிலையம். எந்த எல்லை என்று குழம்பி நேரத்தைப் போக்க வேண்டாம். இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, எல்லையைக் காரணம் காட்டி ஒரு நிலையம் தகவலைத் தள்ள முடியாது.

பத்து வருட ஜெயில் என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி தொடக்கத்தில் வட மாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், பல ஊர்களில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றதும் நினைவிருக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, 2ஆவது உட்பிரிவுதான் காரணம். கவனக்குறைவாக ஓட்டி ஒருவர் இறக்க, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே தெரிவிக்காமல் தப்பினால் 10 வருடம் வரை சிறை என்கிறது அது. மத்திய அரசு லாரி உரிமையாளர் காங்கிரசுடன் பேசியது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அதைக் கேட்டுவிட்டு "இனி பயமில்லை" என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. அதே பிரிவின் முதல் உட்பிரிவு அமலுக்கு வந்துவிட்டது. பழைய 304-ஏ பிரிவில் 2 வருடமாக இருந்த தண்டனை அதில் 5 வருடம் வரை. இருந்தாலும் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். நின்று தகவல் சொன்ன டிரைவர் பெரும்பாலும் ஜாமீனில் வீடு திரும்பலாம். ஓடியவனைத் தேடிப் போலீஸ் கடைக்கு வரும். ஓடியது ஒன்றே குற்றத்தை நிரூபித்துவிடாது. ஆனாலும் விபத்துக்குப் பிறகு அவன் நடந்துகொண்ட விதத்தைக் கோர்ட் பார்க்கும். குடித்திருந்தானோ, லைசென்ஸ் இல்லையோ என்ற சந்தேகத்துக்கும் அதுவே வழி செய்யும்.

இனி முதலாளி விஷயம். 133ஆவது பிரிவின்படி போலீஸ் கேட்டால் டிரைவரின் பெயர், விலாசம், லைசென்ஸ் விவரம் எல்லாவற்றையும் உரிமையாளர் கொடுத்தே தீர வேண்டும். "புதுப் பையன், ஊர் தெரியாது" என்பது எடுபடாது. விசாரித்தால் தெரிந்துகொள்ளக்கூடியதையும் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டியிருக்க, லைசென்ஸ் உள்ள வேறொருவரை "நான்தான் ஓட்டினேன்" என்று அனுப்பிவைக்கும் யோசனையை வீட்டுக்கு வருகிற மாமன் மச்சான் எல்லாம் சொல்வார்கள். அது குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் தருவது, தனிக் குற்றம். பெரிய கடை வீதியிலிருந்து உத்திர வீதி வரை கடைக்குக் கடை கேமரா மாட்டியிருப்பது நாம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பண விஷயத்தில்தான் அடி பலமாக விழும். கடை வேலையாகப் போன டிரைவர் செய்த தவறுக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு கடைக்காரருடையது. இன்சூரன்ஸ் இருப்பதால்தான் கம்பெனி கட்டுகிறது. லைசென்ஸ் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்தார் என்று கம்பெனி நிரூபித்தால், அடிபட்டவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்பது 2004இல் ஸ்வரன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்த வழி. பல லட்சம் என்றால் கடையும் வீடும் பதில் சொல்ல வேண்டியதுதான். ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உறுதிப்படுத்திவிட்டது. கம்பெனிகள் இதைச் சாக்காக வைத்து மறுத்துவந்த காலம் போயிற்று.

கடையில் மாலை நேரம் சரக்குக் கொண்டுபோகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தனிக் கவலை. 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டி குற்றம் நேர்ந்தால் 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் மொபெட்டில் எண்ணெய் டின்னோடு பையனை அனுப்புகிறவர்கள் இதை ஒரு தரம் படிக்கட்டும்.

அடிபட்டவர் பக்கத்தையும் நினைக்க வேண்டும். பெரும்பாலும் அவர் நம் வாடிக்கையாளர்தான். இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனால் அந்தக் குடும்பத்துக்கு அரசுத் திட்டத்தில் கிடைப்பது மரணத்துக்கு 2 லட்சம், பெருங்காயத்துக்கு 50,000. 2022 ஏப்ரலுக்கு முன் இது 25,000, 12,500 மட்டுமே. வண்டி தெரிந்தால் வருமானம், வயது, பிள்ளைகள் என்று கணக்குப் போட்டு டிரிப்யூனல் தீர்ப்பளிக்கும். ஆஸ்பத்திரிச் செலவை எண்ணித் தயங்கவும் வேண்டாம். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கொடுக்கிறது. புத்தூர் அரசு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிப்போக்கரைச் சாட்சி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது; 134-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு.

டிரைவரின் லைசென்ஸ் நகல் ஒன்று கடையில் இருக்கட்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களை வண்டியில் வையுங்கள். பாலிசி எண், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், அடிபட்டவர் விவரம், டிரைவர் பெயர், லைசென்ஸ் எண் இவற்றோடு கம்பெனிக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் கொடுத்த தகவலுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். 24 மணி நேரத்துக்குள் சொன்னதற்கு அதுதான் அத்தாட்சி.