அசலும் நகலும் – 17: கழுகுக்குப் பின்னால் இரண்டு துளைகள்

பழைய நாணயங்களை விட்டுவிட்டு இந்த வாரம் ஜெர்மன் ராணுவத் தலைக்கவசங்களுக்கு வருவோம். உச்சியில் கூர்முனை, நெற்றியில் சிறகு விரித்த கழுகு, பளபளக்கும் கறுப்புத் தோல். பிஸ்மார்க்கின் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஜெர்மானியர்கள் இதை பிக்கல்ஹௌபெ என்கிறார்கள். முதல் உலகப் போர்க்காலச் சேகரிப்புகளில் இவ்வளவு விரும்பி வாங்கப்படும் பொருள்கள் குறைவு. விரும்புகிறவர்கள் பெருகினால் போலியும் பெருகும்.

1842-இல் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் தன் காலாட்படைக்கு இதை அறிமுகப்படுத்தினார். பிறகு மற்ற ஜெர்மன் அரசுகளும் எடுத்துக்கொண்டன. நெற்றித் தகடு மட்டும் அரசுக்கு அரசு மாறியது: பிரஷ்யாவுக்குக் கழுகு, பவேரியாவுக்குச் சிங்கங்கள் தாங்கும் கேடயம், பாடனுக்குக் கிரிஃபின் என்ற கற்பனை விலங்கு. பீரங்கிப் படையினருக்குப் பெரும்பாலும் கூர்முனைக்குப் பதில் உருண்டை. 1914-இல் போர் வந்து பிரிட்டிஷ் கடற்படை வழியை அடைத்ததும் தோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கம்பளி ஃபெல்ட்டிலும் தகரத்திலும்கூடச் செய்தார்கள். 1915 மாடலில் பித்தளை போய்ச் சாம்பல் நிற இரும்பு வந்தது. கூர்முனையைக் கழற்றி வைக்கவும் வசதி செய்தார்கள். 1916-இல் வெர்டன் போர்முனையில் எஃகுத் தலைக்கவசம் வந்தபின் தோல் கவசத்தின் காலம் முடிந்தது.

அசல்கள் உலகெங்கும் பரவியதற்குப் போரின் முடிவே காரணம். கோப்ளென்ஸ் நகரக் கிடங்குகளில் அமெரிக்கப் படையிடம் சிக்கிய கவசங்கள் கப்பலேறின. 1919-இல் அமெரிக்க அரசு போர்க்கடன் பத்திரம் விற்றபோது அவற்றைப் பரிசாகக் கொடுத்தது. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் முன்னால் 12,000-க்கும் மேற்பட்ட கவசங்களைக் கோபுரமாக அடுக்கிய புகைப்படம் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துக் கவசங்கள் இத்தனை வெளியே கிடப்பதால் உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இது போலி செய்கிறவருக்குப் பெரிய வசதி.

முழுக்கப் புதிதாகச் செய்த நகல்களைப் பிடிப்பது அவ்வளவு கடினமில்லை. நம் நாட்டிலிருந்தே இவை ஏற்றுமதியாகின்றன. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் அலங்காரத்துக்கும் நேர்மையாக விற்கும்வரை அதில் குற்றமும் இல்லை. அழுக்கேற்றி, கீறல் போட்டு, 'தாத்தாவின் பெட்டியில் கிடந்தது' என்று விற்கும்போதுதான் மோசடி தொடங்குகிறது. தகட்டைத் திருப்புங்கள். அசல் தகடு மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அடித்தது. முன்பக்கம் மேடான இடமெல்லாம் பின்பக்கம் பள்ளமாக இருக்கும். வார்த்த நகல் கனக்கும், சிறகின் கோடுகள் மழுங்கியிருக்கும், முதுகில் பொடிப்பொடியாய்க் குழிகள் தெரியும். பிறகு தோலின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். மரப்பட்டை கொண்டு பதனிட்ட தோல் உள்ளேயும் பழுப்பாக இருக்கும். ஓரம் நீலம் கலந்த சாம்பலாகத் தெரிந்தால் அது குரோம் பதனீடு. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புற ஊதா விளக்கைப் பிடித்தால் தையல் நூல் பளிச்சென்று நீலவெள்ளையாய் ஒளிர்கிறதா? துணிக்கு வெளுப்பூட்டும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவியவை. அந்த நூல் 1900-இல் தைத்ததாக இருக்காது.

எனக்குக் கவலை தருவது வேறு வகை. தோல் அசல், கழுகு அசல், கூர்முனை அசல், தாடைப்பட்டி அசல். ஆனால் நான்கும் நான்கு கவசங்களிலிருந்து வந்தவை. எந்தப் பாகத்தைத் தனியாகச் சோதித்தாலும் தேறிவிடும். அவை ஒன்றாக இருந்தனவா என்பதைக் கண்டுபிடிக்கக் கழுகைக் கழற்றியாக வேண்டும்.

சாதாரணச் சிப்பாயின் கவசத்தில் தகட்டின் பின்னால் ஈயப்பற்று வைத்த இரண்டு வளையங்கள் இருக்கும். தோலிலுள்ள இரண்டு துளைகள் வழியாக அவை உள்ளே வரும். சின்னத் தோல் ஆப்புகளைச் செருகி இறுக்குவார்கள். அதிகாரிகளின் கவசத்தில் அந்த இடத்தில் திருகும் நட்டும். ஆக, இருக்க வேண்டியவை இரண்டு துளைகள். மூன்றோ நான்கோ இருந்தால் அந்த நெற்றியில் வேறொரு தகடு இருந்திருக்கிறது. துளை இரண்டே என்றாலும் நிறுத்தாமல் தோலின் நிறத்தைப் பாருங்கள். நூறாண்டு வெயிலும் தூசியும் படாமல் தகட்டின் அடியில் இருந்த பகுதி, தகட்டின் வடிவத்திலேயே கறுப்பு மங்காமல் நிற்கும். கையிலிருப்பது பவேரியச் சிங்கம், தோலில் விழுந்திருப்பது கழுகுச் சிறகின் நிழல் என்றால் விஷயம் வெளிச்சம்.

அடுத்தது பின் விளிம்பின் உட்புறத்திலும் உள்தோலிலும் இருக்கும் முத்திரை. பி.ஏ. என்ற எழுத்துகள் படைப்பிரிவின் சீருடைக் கிடங்கைக் குறிக்கும். கூடவே ரோமன் எண், சிலவற்றில் ஆண்டு. 13 வுர்ட்டம்பெர்க்கின் படைப்பிரிவு, 12-உம் 19-உம் சாக்சனியுடையவை. 13 என்று முத்திரை விழுந்த கவசத்தில் பிரஷ்யக் கழுகு இருந்தால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். போலி முத்திரை அடிக்கிறவர்களும் உண்டு. ஆனால் காய்ந்து இறுகிய பழந்தோல் புது அழுத்தத்தை ஏற்காது. எழுத்தின் ஓரங்கள் வெடித்து, உள்ளிருக்கும் வெளிர்நிறம் எட்டிப் பார்க்கும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் கிடங்குகளே பழுதுபார்த்து மாற்றியிருக்கின்றன. 1897-இல் எல்லாக் கவசங்களுக்கும் கறுப்பு வெள்ளை சிவப்பு நிறப் பேரரசுச் சின்னவட்டம் வலப்புறம் சேர்ந்தபோது, பழைய கவசங்களிலும் அதைப் பொருத்தினார்கள். அதனால் ஒரு பாகம் பொருந்தவில்லை என்றதும் போலி என்று தள்ளிவிட முடியாது. மாற்றம் எப்போது நடந்தது என்பதே கேள்வி. 1916-இல் கிடங்கில் மாற்றியிருந்தால் துளையின் ஓரமும் நூறாண்டு அழுக்கேறி மழுங்கியிருக்கும். போன வருடம் பட்டறையில் மாற்றியிருந்தால் துளைக்குள் அழுக்கேறாத தோல் தெரியும்.

பேராசை அதிகம் வேலை செய்யும் இடம் அபூர்வமான ரெஜிமென்ட்டுகள். பிரவுன்ஷ்வைக்கின் 92-ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டின் கழுகில் ஒரு மண்டை ஓட்டுச் சின்னம் உண்டு. நெப்போலியனுக்கு எதிராக ஸ்பெயினில் போரிட்ட பிரவுன்ஷ்வைக் வீரர்களின் நினைவு அது. சாதாரணக் கழுகில் ஒரு மண்டை ஓட்டைச் சேர்த்துவிட்டால் விலை பல மடங்கு ஏறும். அந்தத் தகட்டைத் திருப்பிப் பார்த்தால், சின்னம் பதித்த துளையைச் சுற்றிப் பித்தளை புதிதாக மின்னும். மற்ற இடம் கறுத்திருக்கும்.

இப்படிச் செய்கிறவர் ஏமாற்றுவது வாங்குகிறவரை மட்டும் இல்லை. ஒரு கவசத்தின் உள்ளே கிடங்கு முத்திரை, ஆண்டு, அளவு, சிலவற்றில் மையால் எழுதிய சிப்பாயின் பெயர்கூட இருக்கும். எந்தப் படைப்பிரிவில் எவன் அதை அணிந்தான் என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சியே இல்லாமல் போயிருக்கலாம். மலிவான கவசம் ஒன்றைப் பிரித்து, விலையுள்ள கவசம் ஒன்றைச் செய்யும்போது இரண்டு சாட்சிகள் அழிகின்றன. அழிந்ததைத் திரும்ப எழுத முடியாது. இதைத் தொழில் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எஃகுத் தலைக்கவசங்களில், அதிலும் நாஜிக் காலத்தவற்றில், மோசடி இன்னும் எளிது. சாதாரண 1935 மாடல் கவசத்தின் பக்கவாட்டில் எஸ்.எஸ். சின்னத்தின் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் விலை எகிறுகிறது. தொடக்கநிலையில் இருக்கிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தோல் கவசம் வாங்க நினைத்தால், பணம் பேசுவதற்கு முன் விற்கிறவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: தகட்டைக் கழற்றிய நெற்றி, தகட்டின் முதுகு, பின் விளிம்பின் உட்புறம், தலை படும் உள்தோல். 'கழற்றினால் உடைந்துவிடும்' என்று பதில் வரலாம். ஆப்புகள் காய்ந்திருக்கும் என்பது உண்மைதான். விஷயம் தெரிந்தவர் மெதுவாக இழுத்தால் அவை வரும். அதற்கும் ஒப்பவில்லையா, அந்தக் கவசத்தை அவரிடமே விட்டுவிடுங்கள்.

(தொடரும்)