சந்தைக்குப் போகலாம் – 6: கோயம்பேட்டில் மணி பார்த்து வாங்குங்கள்

ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கோயம்பேட்டுக்குப் பொழுது விடிகிறது. கோலார், மதனப்பள்ளிப் பக்கமிருந்து தக்காளி, நாசிக்கிலிருந்து பெரிய வெங்காயம், ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காய், ஊட்டி கேரட் என்று லாரிகள் வரிசை கட்டுகின்றன. "ஓரம், ஓரம்!" என்று மூட்டையோடு ஓடி வருபவருக்கு வழி விடாதவர் சட்டையில் முட்டைக்கோஸ் சேறு நிச்சயம்.

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வருகிறவர்கள் தெருக்கடைக்காரர்கள், மெஸ் நடத்துபவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள். ரகம் பார்த்து எடுக்க அதுதான் நேரம். ஏழு மணிக்குமேல் வீட்டுக்காரர்கள் பையோடு நுழைகிறார்கள். வெயில் ஏற ஏற, மிச்சமாகிவிடுமோ என்ற கவலையில் வியாபாரியின் குரல் இறங்கும்; விலையும் கூடவே இறங்கும். கீரை, கொத்தமல்லிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். வெங்காயம், உருளைக்கிழங்குக்குப் பொருந்தாது. அவை நாளைக்கும் விலை போகும்.

தக்காளியில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். "கிலோ என்ன விலை?" என்று கேட்டால், "பெட்டியா எடுத்துக்கம்மா" என்று பதில் வரும். பெட்டி என்றால் பதினான்கு, பதினைந்து கிலோ. ஒரே அடுக்ககத்தில் நாலு வீடு சேர்ந்தால் ஒரு பெட்டி தாராளமாகச் செலவாகும். மேல் அடுக்கின் பளபளப்பை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. பக்கத்துக் காலிப் பெட்டியில் கொட்டிக் காட்டச் சொல்லலாம். கொட்ட மறுக்கும் கடையைத் தாண்டிப் போவது நல்லது. ரசத்துக்கு நாட்டுத் தக்காளியின் புளிப்பு வேண்டும். நாலைந்து நாள் வைத்திருக்கத் தோல் தடித்த பெங்களூர் தக்காளிதான் சரி.

இந்தச் சந்தைக்கு வயது அதிகமில்லை. ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில் நெரிசல் தாங்காமல் 1996-இல் இங்கே மாற்றினார்கள். 295 ஏக்கர், காய், கனி, பூ என்று தனித்தனிப் பகுதிகள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். ஆனால் வீட்டுச் சாமானுக்கு இன்றும் பழைய பாரிமுனைதான். காகிதம், கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு. கண்ணாடிக்கு தேவராஜ முதலி தெரு. காய், கனி, பூவைப் பிரித்து வைத்தாலும், தெருவுக்கு ஒரு சரக்கு என்ற அந்த ஒழுங்கைக் கோயம்பேட்டின் சிமென்ட் கட்டடங்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

2020 மே மாதம் கொரோனா தொற்று இங்கிருந்து பல மாவட்டங்களுக்குப் பரவ, சந்தையை மூடினார்கள். காய்கறிக் கடைகள் திருமழிசைக்குப் போயின. ஆழ்வார் பிறந்த ஊர் சில மாதம் தக்காளிப் பெட்டிகளாய் நிறைந்தது! மழை பெய்தால் சேறு. வியாபாரிகள் பட்ட பாடு சொல்லி மாளாது. செப்டம்பர் கடைசியில்தான் மொத்தக் காய்கறிக் கடைகள் கோயம்பேட்டில் திரும்பத் திறந்தன.

பூ வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மார்கழி, தையில் மல்லிகை விலையைக் கேட்டு வியாபாரியிடம் சண்டை போட வேண்டாம். பனியில் மொட்டு குறைந்துவிடுகிறது; வரத்து இல்லை.

கடைசியாகக் கணக்கு. விசேஷத்துக்கு வாங்குபவருக்கும், கூட்டுச் சேர்ந்து போகும் நாலு வீட்டுக்கும் கோயம்பேடு லாபம். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு கிலோ தக்காளி வாங்கப் போனால், மிச்சம் பிடித்ததை ஆட்டோக்காரர் வாங்கிக்கொள்வார். தெருமுனைக் கடையே போதும்.