வன்தட்டின் பழுதறிதல்

நுழையும்முன்

நிலைத்து நிற்க வேண்டிய செய்தியை முன்னோர் கல்லில் வெட்டினர். இன்றைய செய்திகள் உள்ளங்கையில் அடங்கும் தட்டில் எழுதப்படுகின்றன. கல் தேய நூற்றாண்டுகள் ஆகும். தட்டோ ஒரே இரவில் செயலிழக்கக்கூடும். எனினும் பல தட்டுகள் செயலிழக்குமுன் சில அறிகுறிகளைக் காட்டுகின்றன. அவற்றைப் படித்தறியும் முறையையும், அறிந்தவுடன் முதலில் செய்ய வேண்டிய பணியையும் இப்பாடம் விளக்குகிறது.

கல்லும் தட்டும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் சுவர்களில் சோழர் காலம் தொட்டுப் பல நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் காணப்படுகின்றன. நிலக்கொடை, விளக்குக்கொடை, வரிவிலக்கு என ஓர் ஊரின் வரலாறே அச்சுவர்களில் பதிந்துள்ளது. அக்கல்வெட்டுகளைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990இல் நூலாக வெளியிட்டது. இதனால் கற்சுவரில் மட்டும் இருந்த செய்தி, தாளிலும் இடம்பெற்றது. மூலம் ஒன்று, படி ஒன்று என இரண்டாகும்போதுதான் செய்திக்குப் பாதுகாப்பு உண்டாகிறது.

அதே நகரில் இன்று மாணவர் மதிப்பெண், வணிகர் கணக்கு, திருமண ஒளிப்படம், மருத்துவக் குறிப்பு ஆகிய அனைத்தும் கணினியிலேயே சேமிக்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பகுதிக்கு வேறு படி இருப்பதில்லை. கணினியில் இருப்பதாலேயே அவை பாதுகாப்பாக உள்ளன என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும்.

கணினிக்கான முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் அறிமுகப்படுத்தியது. இரண்டடி விட்டமுடைய ஐம்பது தட்டுகளைக் கொண்ட அக்கருவியில் ஐம்பது இலட்சம் எழுத்துகளே அடங்கின. இன்று ஒரு டெராபைட் வன்தட்டில் ஓர் இலட்சம் கோடி பைட்டுகள் அடங்குகின்றன. கொள்ளளவு பெருகப் பெருக, ஒரு தட்டு பழுதானால் நேரும் இழப்பும் பெருகியுள்ளது.

வன்தட்டு இயங்கும் முறை

மக்கள் வழக்கில் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய வட்டத்தட்டுகள் சுழல்கின்றன. அவை பொதுவாக நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்பவை. தட்டின் மேற்பரப்பைத் தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் ஒரு முனை மிதந்து சென்று செய்தியை எழுதுகிறது, படிக்கிறது. மனிதனின் தலைமுடி அந்த இடைவெளியைவிடப் பல்லாயிரம் மடங்கு தடிமனானது. எனவே, இயங்கும் வன்தட்டைக் கீழே போடுவதும் அதிர்வுறச் செய்வதும் முனையைத் தட்டின்மீது மோதச் செய்யும்.

தட்டின் பரப்பு சிறு சிறு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு பிரிவில் 512 அல்லது 4096 பைட்டுகள் அடங்கும். ஒவ்வொரு பிரிவிலும் செய்தியோடு, அதைச் சரிபார்த்துத் திருத்த உதவும் குறியீடும் எழுதப்படுகிறது. சிறு பிழைகளை வன்தட்டு தானே திருத்திக்கொள்கிறது. திருத்த இயலாத அளவு பிழை மிகும்போது அப்பிரிவு பழுதடைந்ததாகக் கருதப்படும். அத்தகைய பிரிவுகளுக்கு ஈடாகப் பயன்படுத்தச் சில பிரிவுகள் தட்டிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இதனால் பழுதின் தொடக்கம் பயன்படுத்துவோர் கண்ணுக்குப் படுவதில்லை. நோய் உள்ளே வளரும், முகம் வாடாது.

அறிகுறிகள்

லினக்ஸ் என்பது கட்டற்ற இயக்க அமைப்பாகும். அதன் கருவை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டார். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ இயக்க அமைப்பும் லினக்சையே அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி மாணவர் பலர் ‘பாஸ்’ இயக்க அமைப்பைக் கண்டனர்.

திருவண்ணாமலை மாவட்டத்துப் பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தில் அத்தகைய லினக்ஸ் கணினி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். செய்முறைத் தேர்வு மதிப்பெண்கள் அதில் உள்ளன. சில நாள்களாக அது கோப்புகளைத் திறக்க நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு கோப்பைப் படியெடுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது. புதிய கோப்பைச் சேமிக்க முயன்றால், ‘படிக்க மட்டுமே இயலும்’ என்னும் செய்தி தோன்றுகிறது. சில வேளைகளில் உள்ளிருந்து ‘டக், டக்’ என்னும் ஒலியும் கேட்கிறது.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம். நினைவகம் போதாமையால் கணினி மெதுவாகலாம். மின்தடையால் திடீரென அணைந்த கணினியில் கோப்பு முறைமை மட்டும் குழம்பியிருக்கலாம். தளர்ந்த இணைப்பு வடமும் படியெடுத்தலைத் தடுக்கலாம். நோயையும் நோயின் காரணத்தையும் அதைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறியாகும். அது கணினிக்கும் பொருந்தும்.

கணினியின் நாட்குறிப்பு

லினக்சின் கருப்பகுதி, தான் காணும் ஒவ்வொரு சிக்கலையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கிறது. டி, எம், இ, எஸ், ஜி என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையை முனையத்தில் இட்டால் அப்பதிவேடு விரியும். அதில் வன்தட்டின் பெயரோடு உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை குறிக்கப்பட்டுள்ளதா எனத் தேட வேண்டும். பெரும்பாலான கணினிகளில் முதல் வன்தட்டு ‘எஸ்டிஏ’ என்று பெயர் பெறும்.

பிழை குறிக்கப்பட்ட பிரிவின் எண்ணையும் கவனிக்க வேண்டும். ஒரே எண்ணோ அதனை அடுத்தடுத்த எண்களோ திரும்பத் திரும்ப வந்தால், தட்டின் ஒரு பகுதி பழுதடைந்துள்ளது என ஐயுறலாம். இணைப்பு துண்டிக்கப்பட்டு மீண்டும் நிறுவப்பட்டதாகக் குறிப்புகள் மிகுதியாக இருந்தால், வடத்தையும் மின்வழங்கியையும் முதலில் ஐயுற வேண்டும்.

தட்டின் தன்னாய்வு

வன்தட்டுகள் தம் நிலையைத் தாமே கண்காணித்துக் குறித்துவைக்கும் தொழில்நுட்பம் ‘ஸ்மார்ட்’ எனப்படும். தற்கண்காணிப்பு, பகுப்பாய்வு, அறிவிப்பு ஆகிய மூன்றையும் குறிக்கும் சுருக்கப் பெயர் இது. அக்குறிப்பை லினக்சில் படிக்க ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருள் உதவுகிறது. ‘ஸ்மார்ட்’ என்னும் சொல்லோடு சி, டி, எல் என்னும் எழுத்துகளைச் சேர்த்தால் அதன் கட்டளை கிடைக்கும். மேலாளர் உரிமையோடு அதனை இயக்க வேண்டும்.

கட்டளை தரும் நீண்ட அட்டவணையில் நான்கு வரிகள் முதன்மையானவை.

ஐந்தாம் எண் வரி, பழுதடைந்து மாற்றிடம் பெற்ற பிரிவுகளின் எண்ணிக்கையைக் காட்டும். 197ஆம் வரி, படிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பிரிவுகளைக் காட்டும். 198ஆம் வரி, தட்டு தானே சோதித்தபோது திருத்த இயலாதவை எனக் கண்ட பிரிவுகளைக் குறிக்கும். இம்மூன்றிலும் இறுதியாக உள்ள மூல மதிப்பு பூச்சியமாக இருப்பதே விரும்பத்தக்கது. பூச்சியத்தைவிட மிகுந்திருந்தால் விழிப்பு வேண்டும். வாரந்தோறும் வளர்ந்தால் தட்டு தன் இறுதியை நெருங்குகிறது எனக் கொள்ள வேண்டும்.

நான்காவது, 199ஆம் வரியாகும். இது வன்தட்டுக்கும் கணினிக்கும் இடையே செய்தி சிதைந்த தடவைகளைக் காட்டும். பிற மூன்றும் பூச்சியமாக இருக்க, இது மட்டும் உயர்ந்துகொண்டே சென்றால் குற்றம் பெரும்பாலும் வடத்தினுடையது. வடத்தை மாற்றிய பிறகும் பழைய எண் குறையாது. மேலும் உயராமல் நிற்பதே சிக்கல் தீர்ந்ததற்கு அடையாளம். இவ்வரியைப் படிக்கத் தெரியாதவர் நல்ல வன்தட்டைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிய தட்டை அதே பழுதான வடத்தில் பொருத்துவர்.

தெரிந்து தெளிவோம்

கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர் மூவர், ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். முதல் வருடல் பிழை தோன்றிய தட்டு, அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு மிகுதி என்று அவர்கள் கண்டனர். வெப்பத்திற்கும் பழுதுக்கும் இடையிலான தொடர்பு, பொதுவாக எண்ணப்படும் அளவுக்கு வலுவாக இல்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது.

‘நலம்’ என்னும் விடையின் எல்லை

தட்டின் மொத்த நலத்தை வினவினால், தேர்ச்சி அல்லது தோல்வி என்னும் ஒரு சொல் விடையாக வரும். தோல்வி என்று வந்தால் ஐயமின்றி நம்பலாம். தேர்ச்சி என்று வந்தால் முழுமையாக நம்புதல் கூடாது. உற்பத்தியாளர் வகுத்த எல்லையை இன்னும் தாண்டவில்லை என்பதே அச்சொல்லின் பொருள். காத்திருக்கும் பிரிவுகள் பல இருக்கும்போதும் தேர்ச்சி என்ற விடை வரக்கூடும்.

மேற்கூறிய கூகுள் ஆய்வு மற்றோர் உண்மையையும் உணர்த்தியது. செயலிழந்த தட்டுகளுள் 56 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை, வலுவான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையும் காட்டவில்லை. அதாவது, அறிகுறி தோன்றினால் ஆபத்து உறுதிப்படுகிறது. தோன்றாவிட்டால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. நகரும் உறுப்புகள் அற்ற திண்மநிலை நினைவகங்களும் முன்னறிவிப்பு இன்றித் திடீரென அடங்கிவிடுவதுண்டு. ஆகவே, பழுதறியும் கலை எவ்வளவு வளர்ந்தாலும் அது படியெடுத்தலுக்கு மாற்றாகாது.

முதலில் படி, பிறகே பழுது

பழுது உண்டு எனத் தெரிந்தவுடன் பலர் செய்யும் செயல், பழுதுநீக்கும் கட்டளைகளை இயக்குவதாகும். இது தவறு. கோப்பு முறைமையைச் செம்மைப்படுத்தும் கட்டளை, தட்டில் எழுதித் திருத்துகிறது. தட்டே பழுதாக இருக்கும்போது அவ்வாறு எழுதுவது, எஞ்சியுள்ள செய்தியையும் சிதைத்துவிடலாம். நெடிய தன்னாய்வும் பல மணி நேரம் தட்டு முழுவதையும் படிக்கும். இறுதி மூச்சில் உள்ள தட்டுக்கு அது பெரும் உழைப்பு. ஆகவே, விலைமதிப்புள்ள செய்தி இருக்குமாயின் படியெடுத்த பின்னரே இச்சோதனைகளைச் செய்ய வேண்டும்.

தட்டு ஓரளவு இயங்கினால், மதிப்பெண் பட்டியல் போன்ற இன்றியமையாத கோப்புகளை முதலில் வேறொரு சேமிப்பகத்திற்கு மாற்ற வேண்டும். பிழைகள் மிகுந்திருந்தால் ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். அது முதலில் எளிதாகப் படிக்க இயலும் பகுதிகளை எல்லாம் படியெடுத்துக்கொள்ளும்; இடர் தரும் பகுதிகளைத் தாண்டிச் சென்று, இறுதியில் திரும்பி வந்து அவற்றை முயலும். எதுவரை படித்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதால், இடையில் மின்சாரம் தடைப்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடரலாம். படியை அதே தட்டில் வைக்காமல், அதனினும் குறையாத கொள்ளளவுடைய வேறு தட்டில் வைக்க வேண்டும். பழுதுநீக்கும் முயற்சிகளை அப்படியின்மீதே செய்ய வேண்டும்.

‘டக், டக்’ என்னும் ஒலி தொடர்ந்து கேட்டால் மின்சாரத்தை உடனே நிறுத்துதல் நன்று. அந்நிலையில் ஒவ்வொரு சுழற்சியும் தட்டின் பரப்பைத் தேய்க்கக்கூடும். வீட்டில் வன்தட்டைத் திறந்து பார்த்தல் அறவே கூடாது. உள்ளே புகும் ஒரு தூசித் துகளே முனைக்கு மலை போன்றது. இழக்க இயலாத செய்தியாயின், தூசியற்ற அறை வசதியுடைய மீட்பு வல்லுநரிடம் ஒப்படைத்தலே தகும்.

திருமழபாடி காட்டும் நெறி

பழுது பார்க்குமுன் படியெடுத்தல் என்பது கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு அன்று. அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பழைய கட்டடத்தைப் பிரிக்குமுன், அதன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இச்செய்தியை அக்கோயில் கல்வெட்டே கூறுகிறது.

இடைப்பட்ட அவ்வாண்டுகளில் பழைய சுவர் இல்லை. புதிய சுவரில் எழுத்தும் இல்லை. முன்னோர் அளித்த கொடைகளின் சான்று முழுவதும் அப்படியிலேயே தங்கியிருந்தது. அதனை எடுக்க மறந்திருந்தால், எத்துணைத் திறமையான சிற்பியாலும் அவ்வெழுத்துகளை மீட்டிருக்க இயலாது. பழுதுபட்ட வன்தட்டின் முன் நிற்பவரும் இன்று அதே நிலையில்தான் நிற்கிறார்.

வன்தட்டு விலைக்குக் கிடைக்கும்; அதில் உள்ள மதிப்பெண்ணும் ஒளிப்படமும் கணக்கும் விலைக்குக் கிடைக்கமாட்டா. எனவே, நலமாக இருக்கும் நாளிலேயே குறைந்தது இரண்டு படிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை தட்டின் குறிப்பைப் படித்து, நான்கு வரிகளின் எண்களையும் தேதியோடு எழுதிவைத்தல் வேண்டும். ஒரு நாளின் எண் தட்டின் நிலையைச் சொல்லும்; பல மாத எண்கள் அது செல்லும் திசையைச் சொல்லும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியரின் துணையோடு ஒரு வன்தட்டின் தன்னாய்வு அட்டவணையைப் பார்த்து, 5, 197, 198, 199 ஆகிய வரிகளின் மூல மதிப்புகளைப் பட்டியலிடுக.

2. 199ஆம் வரி மட்டும் உயர்ந்துள்ள கணினிக்கும், 197ஆம் வரி மட்டும் உயர்ந்துள்ள கணினிக்கும் நீங்கள் முதலில் செய்யும் பணி யாது? காரணத்துடன் எழுதுக.

3. உங்கள் ஊரிலுள்ள கல்வெட்டு, ஓலைச்சுவடி, பழைய ஒளிப்படம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் படி உள்ளதா என வினவி அறிந்து வகுப்பறையில் உரையாடுக.