அலமாரியில் கிடக்கும் கெஜங்கள்

அமெரிக்காவில் குயில்ட் எனும் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர் வீட்டுக்குப் போனால் தையல் மெஷினைவிடத் துணி அலமாரிதான் முதலில் கண்ணில் படும். எதற்கென்று முடிவு செய்யாமல், நிறமும் அச்சும் பிடித்துப்போய் வாங்கி அடுக்கிய பருத்தித் துணிகள். இந்தச் சேமிப்புக்கு ‘ஸ்டாஷ்’ என்று பெயர். கடைகளும் அதற்குத் தோதாகவே விற்கின்றன. இரண்டரை அங்குலப் பட்டைகள் நாற்பதைச் சுருட்டிக் கட்டினால் ‘ஜெல்லி ரோல்’. உள்ளங்கையில் அடங்குவதுபோல் தெரியும் அந்தச் சுருளைப் பிரித்தால் ஏறத்தாழ இரண்டே முக்கால் கெஜம்!

இப்படிச் சேர்ந்ததைக் கரைக்கப் பலர் நோட்டுப் போட்டுக் கணக்கு வைக்கிறார்கள்: வாங்கியது வரவு, தைத்தது செலவு. பழைய இருப்பையெல்லாம் அளக்க உட்கார்ந்தால் ஆளே சோர்ந்துவிடுவார். இன்றைய இருப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது. துண்டுத் துணிகளை அளப்பதைவிட எடை போடுவது சுலபம். குயில்ட் பருத்தி ஒரு பவுண்டுக்குச் சுமார் மூன்று கெஜம் நிற்கும். செலவை எப்போது எழுதுவது? ஓரப்பட்டி தைத்து முடித்த பிறகுதான் என்பேன். வெட்டிப் பெட்டியில் போட்ட சதுரங்களும் ஸ்டாஷ்தானே, உருவம் மட்டுமே மாறியிருக்கிறது.

எந்த வேலை எவ்வளவு துணியைத் தின்கிறது என்று தெரிந்தால் கணக்கு சுவாரசியமாகிவிடும். 60க்கு 80 அங்குலப் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்பக்கத்தை இரண்டரை அங்குலச் சதுரங்களால் இணைத்தால் 1,200 சதுரம் வேண்டும். ஒவ்வொன்றிலும் நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போக, வெளியே தெரிவது இரண்டு அங்குலம்தான். வெட்டிய துணியில் 36 சதவீதம் தையலுக்குள் மறைந்துவிடுகிறது. அதே போர்வையை ஐந்து அங்குலச் சதுரங்களால் தைத்தால் மறைவது 19 சதவீதம். ஆக, பொடித்துண்டு வேலைக்குத்தான் துணி அதிகம் பிடிக்கும். இரண்டரை அங்குலச் சதுரத்தில் மேல்பக்கத்துக்கு மட்டும் சுமார் ஐந்து கெஜம்.

ஆனால் பலரும் கவனிக்காத இடம் அடித்துணி. மேலே என்ன தைத்தாலும் கீழே இன்னொரு ஐந்து கெஜம் வேண்டும். அதற்கென்று கடைக்கு ஓடி, ஒரே நிறத்தில் புதுத்துணி வாங்கி வருகிறார்கள். நோட்டில் மேலே கழித்தது கீழே மறுபடி கூடிவிடுகிறது! அலமாரியில் பல காலமாகத் தூங்கும், இப்போது ஆசையற்றுப்போன பெரிய துண்டுகளை இணைத்து அடித்துணியாக்குவதுதான் ஸ்டாஷ் வேகமாகக் குறைய வழி. இரண்டு பக்கமும் பார்க்க அழகாகவே இருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இருப்பதை வைத்துத் தைப்பது புதிதல்ல. வாங்கிக் குவிக்க வழியில்லாத காலத்தில் கிடைத்த துணிதான் திட்டத்தையே தீர்மானித்தது. 1930களில் தீவன மூட்டைகளைப் பூப்போட்ட பருத்தியில் தைத்து அனுப்பினார்கள். கிராமத்துப் பெண்கள் பிரித்துத் துவைத்து உடையாக்கி, மிச்சத்தைப் போர்வையில் சேர்த்தார்கள். அலபாமாவின் கீஸ் பெண்ட் பகுதியில் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் நைந்த வேலைக் கால்சட்டைகளைக் கிழித்துத் தைத்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காக அவ்வட்டாரக் கூட்டுறவில் கார்டுராய் தலையணை உறைகள் தைத்தபோது, எஞ்சிய துண்டுகளும் வீட்டுக்கு வந்து போர்வைகளாயின. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் பிறகு நியூயார்க்கின் விட்னியும் கீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டின. அவற்றின் கோடுகள் ஓவியம்போல் வளைந்து போவதற்கு, இருந்த துண்டின் வடிவமும் ஒரு காரணம்.

இன்றைய தையல்காரருக்கு இன்னொரு சிக்கல்: தைத்த போர்வை போக இடம் வேண்டும். வீட்டில் எத்தனைதான் விரிப்பது? 2003இல் தொடங்கிய ‘குயில்ட்ஸ் ஆஃப் வேலர்’ அமைப்பு போரில் பணியாற்றியவர்களுக்குக் குயில்ட் வழங்குகிறது. 1995இல் தொடங்கிய ‘புராஜெக்ட் லைனஸ்’ நோயிலும் துயரத்திலும் இருக்கும் குழந்தைகளுக்குப் போர்வை கொடுக்கிறது. 60க்கு 80 அளவில் ஒன்றை அனுப்பினால் மேல்பக்கம், அடித்துணி, ஓரப்பட்டி எல்லாம் சேர்த்துப் பத்து கெஜத்துக்கு மேல் செலவுப் பக்கத்தில் எழுதலாம்.