ஒரு இடத்தில நிக்காத பொடியன்மார்

சென்ற மாதம் ராத்தாவின் மகனுக்குப் பேசிவந்த சம்பந்தம் நின்றுபோனது. பெண் வீட்டார் சொன்ன காரணம் ஒன்றுதான்: "பொடியன் மூணு வருஷத்தில நாலு வேலை மாறிட்டான், ஒரு இடத்தில நிக்கமாட்டான்." நீராவிப்பிட்டியிலும் சரி, வவுனியாவிலும் சரி, பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர்கள் இளைஞர்மேல் சொல்லும் குறை இதுவே. நானும் சொன்னவன்தான்.

மருமகனை இருத்தி விசாரித்தேன். முதலில் ஒரு கைத்தொலைபேசிக் கடை. நியமனக் கடிதம் இல்லை, ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. அடுத்தது ஆடைத் தொழிற்சாலை. விடியமுன் பஸ் ஏறினால் இருட்டியபின்தான் வீடு. மூன்றாவது ஒரு கடன் கம்பனி. சம்பளம் அங்கேதான் கூட. ஐந்தே மாதத்தில் விட்டுவிட்டான். "வட்டிக் காசு கேட்டுப் புருஷன் இல்லாத பொம்பிளைகளிட வாசல்ல போய் நிக்கேலாது மாமா" என்றான். அதற்கு நான் என்ன சொல்ல? நான்காவது, மீண்டும் ஒரு கடை.

என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனபோது எனக்கு 18 வயது. உப்பளம், கற்பிட்டி வெங்காயத் தோட்டம், லொறி, மீன் வாடி என்று ஆறு வேலை பார்த்தேன். யாரும் என்னை நிலையில்லாதவன் என்று சொல்லவில்லை, பிழைக்கிறான் என்றார்கள்.

இது இந்தத் தலைமுறையின் குணமும் அல்ல. அமெரிக்காவில் 1957 முதல் 1964 வரை பிறந்தவர்களை அந்நாட்டுத் தொழில் புள்ளிவிவரப் பணியகம் தொடர்ந்து கவனித்து வருகிறது. இன்று பாட்டன்மாராகிவிட்ட அவர்கள், 18 வயதுக்கும் 54க்கும் இடையில் சராசரியாக 12 வேலைகள் பார்த்திருக்கிறார்கள். போருக்குப் பிந்திய ஜப்பானின் பெரிய கம்பனிகளில் நேர்மாறு. படிப்பு முடித்துச் சேர்ந்தவர் ஓய்வுபெறும்வரை அங்கேயே இருப்பார். சம்பளம் சேவைக்காலத்தோடு ஏறியது. இடையில் விலகினால் நட்டம் அவருக்கே. விலகும்போது கையைவிட்டுப் போவது என்ன என்பதைப் பார்த்துத்தான் மனிதன் நிற்கிறான், எந்த நாட்டிலும்.

நம் சட்டத்திலும் அப்படியொரு பிடிமானம் உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் சேரும். சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்ட வேண்டும். நாலு பேர் நிற்கும் பஜார் கடைக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது. சேமலாப நிதியோ, கட்டாமல் விடும் முதலாளிமார் கையில். (அவர்களில் நம்மவர்களும் உண்டு, ஜும்ஆ முடிந்து பொடியன்மாரைக் குறை சொல்வதிலும் அவர்களே முன்னுக்கு.) பத்து வருடம் நின்றாலும் பத்து நாள் நின்றாலும் கடைசியில் வெறுங்கை என்றால், அவன் ஏன் நிற்க வேண்டும்?

இப்போது மருமகன் சவூதிக்கு வீட்டுச் சாரதியாகப் போக, இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருக்கிறான். கபீலின் சம்மதமின்றி வேலை மாறும் வசதியை 2021இல் அந்த நாடு கொண்டுவந்தபோது, வீட்டுச் சாரதிகளை அதில் சேர்க்கவில்லை. ராத்தாவுக்குச் சந்தோஷம். "இனியாவது ஒரு இடத்தில இருப்பான்" என்கிறா. பெண் வீட்டாரும் திரும்பப் பேச்சுக் கொடுத்திருக்கிறார்களாம்.