சீஸ் பர்கர்... வெளியே சிவந்தால் போதுமா?

"அம்மா, சீஸ் பர்கர் செஞ்சு தர்றியா?" என்று உங்கள் வீட்டு வாண்டு கேட்டால் தாராளமாகச் சரி சொல்லுங்கள். பன், கறி, சீஸ்... மூன்றே சமாசாரம்தான். கடையில் வாங்குவதைவிட ருசியாகவே வரும். நடுவில் இருக்கிற அந்தக் கறி வடையைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்ற வையுங்கள்.

1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஒரு பர்கர் கடைத் தொடரிலிருந்து பரவிய நோயில் 700 பேருக்கும் மேல் படுத்தார்கள். நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். காரணம், சரியாக வேகாத கறியில் இருந்த 'இ.கோலை ஓ157' என்ற பாக்டீரியா. பெரியவர்களுக்கு ரத்தப்பேதியோடு போகலாம். சின்னக் குழந்தைகளுக்கோ சிறுநீரகமே செயலிழந்துவிடக்கூடும்.

அதெப்படி, முழுத் துண்டு கறிக்கு இல்லாத பயம் பர்கருக்கு? முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேலேதான் ஒட்டியிருக்கும். கல்லில் போட்டதுமே செத்துவிடும். கொத்தும்போது மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. அங்கே சூடு கடைசியாகத்தான் எட்டும். பர்கரை மெத்தென்று ஆக்குவதும் இதே கொத்தல்தான் என்பது வேடிக்கை!

அசல் பர்கர் மாட்டுக்கறியில் செய்வது. ஆட்டுக் கொத்துக்கறியிலும் செய்யலாம். வெறும் கறி என்றால் வறட்டியாகிவிடும்; 100 கிராமில் 20 கிராம் கொழுப்பு இருக்கும்படி கேட்டு, கண்ணெதிரே கொத்தி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நேராக ஃப்ரிட்ஜுக்குள். கொத்துக்கறியை அலசாதீர்கள். தண்ணீர் கோத்துக்கொண்டால் கறி வறுபடாது, வெந்நீரில் போட்ட மாதிரி ஆகிவிடும். தெறிக்கிற தண்ணீரில் கிருமி சிங்க் முழுக்கப் பரவும்.

இஞ்சி, பூண்டு, முட்டையெல்லாம் போட்டுப் பிசைந்தால் அது கட்லெட். நல்ல பண்டம்தான், பர்கர் இல்லை! 120 கிராம் கறியை அழுத்தாமல் உருட்டி, பன்னைவிடச் சற்று அகலமாகத் தட்டுங்கள். வேகும்போது சுருங்கி உப்பும் என்பதால் நடுவில் விரலால் ஒரு குழி. உப்பு, மிளகுத்தூள் கல்லில் போடுகிற நிமிஷத்தில் மேலே தூவினால் போதும். முன்கூட்டியே உப்புப் போட்டுப் பிசைந்தால் ரப்பர்தான்.

கனமான இரும்பு தோசைக்கல் இதற்கு அருமையான சாதனம். நன்றாகக் காய்ந்ததும் போட்டு, மூன்று நான்கு நிமிஷம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் முறுகியதும் திருப்பலாம். கரண்டியால் அமுக்கினால் சாறு ஓடிவிடும்.

வெந்ததா என்று எப்படித் தெரியும்? நிறத்தை நம்பாதீர்கள். வேண்டிய சூடு வருவதற்கு முன்பே உள்ளே பழுப்பாகிவிடுவது உண்டு. சமையல் தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் நடுமையம் வரை குத்திப் பாருங்கள். ஆடு, மாடு என்றால் 71 டிகிரி செல்ஷியஸ், கோழி என்றால் 74 காட்ட வேண்டும். (ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர் இல்லை, தாயே!) அது இல்லாத வீட்டில் ஒரு செ.மீ. கனத்துக்கு மேல் தட்டாமல், மூடி போட்டுக் கூடுதலாகவே வேகவிடுங்கள். குழந்தைகள் சாப்பிடுவதில் 'உள்ளே லேசாகச் சிவப்பு' என்கிற ஹோட்டல் பாணி வேண்டவே வேண்டாம்.

இறக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது சீஸ். 20 கிராம் செடார் போதும். சுமார் 80 கலோரி, 140 மில்லிகிராம் கால்சியம். ரொம்ப நாள் பதப்படுத்திய செடார் எண்ணெய் கக்கும், இளசானதே நன்றாக உருகும். பிராசஸ்டு சீஸ் வழுவழுவென்று உருகுவதற்கு அதில் சேர்க்கிற சில உப்புகள் காரணம். வீட்டில் பி.பி.காரர் இருந்தால் ஞாபகம் வையுங்கள். கல்லின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடினால் ஆவியில் சீஸ் அழகாகப் படியும். வெண்ணெய் தடவிச் சூடாக்கிய பன், ஒரு வளையம் வெங்காயம், தக்காளி... அவ்வளவுதான்.

பச்சைக் கறி வைத்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைத்துவிடாதீர்கள்! மிச்சமானால் இரண்டு மணி நேரத்துக்குள், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜில் வைத்து, மறுபடி ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம். பள்ளிக்கூட டிபன் பாக்ஸுக்கு மட்டும் அது ஆகாது; மத்தியானம் வரை வெயிலில் கிடக்குமே... வாண்டு எவ்வளவு கெஞ்சினாலும் எலுமிச்சை சாதமே கட்டிக்கொடுங்கள்.