முகம் சிவந்தால் அழகா, நோயா?

வெட்கப்பட்டால் முகம் சிவக்கும். கோபம் வந்தாலும் சிவக்கும். சிறிது நேரத்தில் பழைய நிறம் திரும்பிவிடும். ஆனால், அந்தச் சிவப்பு கன்னத்திலேயே தங்கிவிட்டால்?

அது அழகு அல்ல, நோய்! "ரோசேஷியா" என்பது டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர்.

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரமாக இருக்கும் ஊர் கோட்டக்குப்பம். வெயிலில் உட்கார்ந்து மீன் விற்கும் பெண்ணுக்கும், பிரியாணி அடுப்பின் முன்னால் நிற்கும் சமையல்காரருக்கும் முகத்தில் அனல் படாத நாள் இல்லை. இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த அனல், எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது போல!

எப்படித் தெரியும்?

பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் இது தலைகாட்டும். கன்னம், மூக்கு, நெற்றி, மோவாய் ஆகிய இடங்களில் மெல்லிய இரத்தக் குழாய்கள் விரிந்துவிடும். முகம் திகுதிகு என்று எரியும். பிறகு பரு போலச் சிறு கட்டிகள் வரும். ஆனால் பருவில் காணப்படும் கரும்புள்ளிகள் இதில் இரா.

"இது வெள்ளைக்காரர்களின் வியாதி" என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அது தவறு. மாநிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரிவதில்லை. அதனால் நோய் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. நமக்கு எரிச்சலும் சூடும்தான் முக்கிய அடையாளங்கள்.

சிலருக்குக் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தும். கவனிக்காமல் விட்டால் கருவிழிக்கே ஆபத்து!

மூக்கும் பழியும்

ஆண்களில் சிலருக்கு மூக்கு தடித்து, முண்டும் முடிச்சுமாக ஆகிவிடும். அமெரிக்கக் கோடீசுவரர் ஜே. பி. மார்கனுக்கு இந்தத் தொல்லை இருந்தது. பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இத்தாலிய ஓவியர் கிர்லாண்டாயோ 1490-ஐ ஒட்டித் தீட்டிய படம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள முதியவரின் மூக்கும் இப்படித்தான். மடியில் இருக்கும் குழந்தையோ அந்த முகத்தை ஆசையோடு பார்க்கிறது!

எல்லோரும் அந்தக் குழந்தையைப் போல் இருப்பதில்லை. "குடிகார மூக்கு" என்று ஏளனம் செய்கிறார்கள். மதுவைத் தொட்டே அறியாதவர்களுக்கும் இந்த நோய் வரும். வீண் பழி சுமத்தாதீர்கள்.

கடைக் களிம்பு, ஜாக்கிரதை!

முகம் எரிகிறது என்றதும் பலர் நேராக மருந்துக் கடைக்குப் போகிறார்கள். "ஏதாவது களிம்பு கொடுங்கள்" என்கிறார்கள். பூசிய சில நாட்களில் சிவப்பு மறைகிறது. மகிழ்ச்சி!

அதில் இருப்பது ஸ்டீராய்டு என்றால், ஆபத்து அங்கேதான் ஆரம்பம். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துவிடும். நிறுத்தினால் எரிச்சல் முன்னிலும் அதிகமாகச் சீறிக்கொண்டு வரும். ஆகவே மீண்டும் பூசுவார்கள். நோய் இல்லாத முகத்திலும் ரோசேஷியாவைப் போன்ற நிலையை இந்தக் களிம்பே உண்டாக்கிவிடும்!

2011-ல் இந்தியத் தோல் மருத்துவர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். முகத் தொல்லையுடன் 12 சிகிச்சை நிலையங்களுக்கு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் டாக்டர் அல்ல! 2018-ல் மத்திய அரசு, இத்தகைய பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், டியூபையே எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

அடக்கி வைக்கலாம்

இந்த நோயை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால், சர்க்கரை நோயைப் போல அடக்கி வைக்கலாம். மெட்ரோனிடசோல், அசிலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகிய பூச்சு மருந்துகள் உண்டு. கட்டிகளுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் கொடுப்பார்கள். விரிந்த குழாய்களுக்கு லேசர் சிகிச்சை உண்டு. பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். பொறுமை வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில: வெயிலில் குடை பிடியுங்கள். டாக்டர் சொல்லும் வெயில் தடுப்புக் களிம்பைப் பூசுங்கள். டீயைச் சற்று ஆறவைத்துக் குடியுங்கள். முகத்துக்கு ஆவி பிடிக்காதீர்கள், எலுமிச்சை தேய்க்காதீர்கள். எதைச் சாப்பிட்டால் எரிகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒருவருக்கு மிளகாய் ஆகாது; மற்றொருவருக்கு வெயில் ஆகாது.

கோட்டக்குப்பத்தார் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. பக்கத்திலேயே, கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவும் உண்டு.

களிம்பைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?